மெழுகு சொட்டிய ஊசிப் பெட்டி

அட்டைப் பெட்டியின் மேல் மெழுகு சொட்டியிருந்தது. ஒரு சொட்டு வட்டமாக உறைந்திருந்தது. இன்னொன்று வழிந்து, பாதியில் நின்றுவிட்டது. பெட்டியின் ஓரத்தில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தது.

அந்த மாதிரி இரண்டு பெட்டிகள். அந்தோணி அண்ணன் அவற்றை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் கவுன்ட்டர் மேல் வைத்தார். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"இந்தாம்மா. ரீட்டாவோட ஊசி, மிச்சம். அந்த ஷபானா பொண்ணுக்குக் குடுத்துடுங்க. அவளே சொல்லிட்டுத்தான் போனா."

அன்று காலைதான் ரீட்டா அக்காவுக்கு முப்பதாம் நாள் பூசை. அண்ணன் பூசைக்குப் போன உடையிலேயே வந்திருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. சட்டையில் சாம்பிராணி வாசனை. மனைவி போன ஒரு மாதத்தில் அன்றுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன். கொடுத்த வேலையை முடித்துவிட்டவரின் தெளிவு.

எங்கள் ஃபார்மசிஸ்ட் மஞ்சுளா பெட்டியைக் கையில் எடுத்தாள். அந்த மெழுகை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நேற்றைய தலைவலி

விவேக் நகரில் சர்ச்சுக்குப் போகிற ரோட்டில் எங்கள் மெடிக்கல் ஷாப். என் வீட்டுக்காரர் தொடங்கியது. நான் பத்தாவதோடு நின்றவள். மாத்திரை அட்டைகளைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் வந்தது. அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி, வியாதிகளின் பெயர்.

மிச்சத்தை எல்லாம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்துக்குக் கம்பெனிக்காரன் ஒரு பெயர் வைப்பான், டாக்டர் ஒரு பெயர் எழுதுவார், வாங்குகிறவர்கள் மூன்றாவதாக ஒரு பெயர் வைப்பார்கள். அந்த மூன்றாவது பெயருக்காகவே நான் இத்தனை வருடம் கடையில் நின்றேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"நேத்து குடுத்தீங்களே தலைவலி, அதையே குடுங்க" என்பார் ஒருவர். "முட்டிக்கு எண்ணெய் விடுற மாத்திரை இருக்கா?" என்பார் இன்னொருவர். பின் தெரு பிலோமினா அக்கா பிரஷர் மாத்திரைக்கு வைத்த பெயர், மருமகள். "என் மருமக தீந்துபோயிட்டா, ஒரு அட்டை குடு" என்று வந்து நிற்பாள். கூடவே அந்த மருமகளும் நிற்பாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் போடும் ஒரு ஊசி உண்டு. கிட்னி கெட்டுப்போனால் உடம்பில் ரத்தம் ஊறுவது குறைந்துவிடும், அதை ஊற வைக்கிற ஊசி. அதற்கு எங்கள் கடையில் ரீட்டா அக்கா வைத்த பெயர், சிவப்பு. ஊசி மருந்து தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். "உள்ள போய் சிவப்பாகும் இல்ல? அப்ப சிவப்புதான்" என்பார்.

ஊசிக்கு ஏசி

சிவப்பை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. இன்சுலின், தடுப்பூசி எல்லாம் இதே ஜாதி.

மஞ்சுளா துமகூருக்காரி, தாய்மொழி கன்னடம். பி.ஃபார்ம் படித்தவள். எங்கள் கடைக்கு வந்த முதல் வாரமே ஃப்ரிட்ஜைத் திறந்து, அதில் இருந்த என் வீட்டுக்காரரின் மோர் பாட்டிலை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "இது மருந்து ஃப்ரிட்ஜ் சார். மோரு வெக்கணும்னா வேற ஃப்ரிட்ஜ் வாங்கிக்கோங்க."

அதற்குப் பிறகு உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வந்தது. காலையும் மாலையும் அவளே பார்த்துக் குறிப்பாள். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓட ஒரு இன்வெர்ட்டர் வந்தது. ஏப்ரல் மாத மத்தியானத்தில் நாங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு நிற்போம், ஃப்ரிட்ஜ் மட்டும் உர்ரென்று ஓடும். "மனுஷனுக்கு ஃபேன் இல்ல, ஊசிக்கு ஏசி" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார்.

மஞ்சுளாவிடம் இன்னொரு சட்டமும் உண்டு. கடையை விட்டு ஒருமுறை வெளியே போன மருந்து திரும்ப உள்ளே வரக்கூடாது. பிரிக்காத அட்டையாக இருந்தாலும் சரி. வெளியே போனபிறகு அது எங்கே இருந்தது, வெயிலில் இருந்ததா, ஸ்கூட்டர் டிக்கியில் இருந்ததா, யாருக்குத் தெரியும்? பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். உள்ளே செத்துப்போயிருக்கும்.

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா, கொஞ்சம் விட்டுக்குடு" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. மஞ்சுளா அட்ஜஸ்ட் பண்ணமாட்டாள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, என் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட நம் கடை மருந்துதான் என்று தைரியமாக எடுத்துப்போகிற நிம்மதி வந்தது.

பக்கத்துக் கட்டில்

ரீட்டா அக்கா ஸ்கூலில் ஆயாவாக இருந்தவர். அண்ணன் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பிள்ளை இல்லை. ஒருவருக்கு ஒருவர்தான்.

டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு தடவை போவார்கள். அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் ஷபானா. நீலசந்திராவில் வீடு, புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான். வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த வியாதிக்காரர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு, குடிக்க முடியாததை எல்லாம் பேசியே குடிப்பார்களாம். "நேத்து நானும் ஷபானாவும் ஆளுக்கு ஒரு சொம்பு மோர், அப்புறம் கரும்பு ஜூஸ், ஐஸ் போட்டு" என்று அக்கா கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு சொல்வார். உதடு வெடித்துக் கிடக்கும். கண் சிரிக்கும்.

ஷபானாவுக்கு சிவப்பு ஒழுங்காகக் கிடைக்காது. எங்கள் கடையில் ஒரு வாரம் வாங்குவான், ஒரு வாரம் வாங்கமாட்டான் அவள் புருஷன். ஊசி விற்கிற விலைக்கு அவன் என்ன செய்வான்?

அக்காவுக்கு ஊசி ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் ரத்தம்தான் ஏறவில்லை. ஒவ்வொரு மாதமும் ரிப்போர்ட்டை அண்ணன் எங்களிடம் காட்டுவார். நம்பர் அதே இடத்தில் நிற்கும், இல்லையென்றால் ஒரு படி இறங்கும். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, ஐ.சி.யு.வில் ஒரு வாரம். அங்கே வைத்துத்தான், "வீட்ல ரெண்டு சிவப்பு இருக்கு. அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு" என்று சொல்லியிருக்கிறார். அண்ணனிடம் அவர் கேட்ட கடைசி விஷயம் அதுதான்.

படத்துக்கு முன்னால்

"அண்ணா, இது எங்க இருந்திச்சு இவ்ளோ நாள்?" என்று கேட்டாள் மஞ்சுளா.

அண்ணன் சிரித்த முகத்தோடு சொன்னார். "அவ படத்துக்கு முன்னாலம்மா. தானம் குடுக்கறது எல்லாத்தையும் அங்கதான் வெச்சேன். அவளோட புடவை, ஸ்வெட்டர், வாக்கர். இதையும் அதோட வெச்சேன். தினம் மெழுகுவத்தி ஏத்துவேன். இன்னிக்கு ஃபாதர் வீட்டுக்கு வந்து எல்லாத்து மேலயும் தீர்த்தம் தெளிச்சிட்டார். புடவை சிஸ்டர்ஸ் ஹோமுக்குப் போயிடுச்சு. வாக்கர் பக்கத்து வீட்டுக்கு. இது ஒண்ணுதான் பாக்கி."

போனவரின் பொருளை முப்பதாம் நாளில் தானம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை படத்துக்கு முன்னால் இருக்கும். புடவை இருக்கலாம். வாக்கர் இருக்கலாம்.

நான் சட்டென்று, "சரிண்ணா, குடுத்துட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அவர் போனதும் குப்பையில் போடலாம், அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்ற கணக்கு.

மஞ்சுளா விடவில்லை. "இல்ல மேடம். ஷபானா புருஷன் நாளைக்கு இவர்கிட்ட ஊசி வரலியேன்னு கேப்பான். அப்ப என்ன சொல்வீங்க?" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. இதை யாருக்கும் குடுக்க முடியாது. ஃப்ரிட்ஜ்ல இருந்திருந்தாலே நாங்க திருப்பி வாங்கக் கூடாது. இது ஒரு மாசமா வெளியே, மெழுகுவத்தி பக்கத்துல இருந்திருக்கு. கெட்டுப்போயிருக்கும்."

"பிரிக்கவே இல்லியேம்மா. நீங்க ஒட்டுன பில்கூட அப்படியே இருக்கு பாரு."

"பிரிக்கலன்னாலும் கெட்டுடும்ணா."

அண்ணன் ஒரு பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டைக்குள் இருப்பது தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு, "ஓ" என்றார். "எனக்குத் தோணவே இல்ல. பெட்டி பெட்டியா இருக்கவும் இதுவும் புடவை மாதிரி ஒரு பொருள்னு நெனச்சிட்டேன்."

மஞ்சுளா இரண்டையும் வாங்கி, விற்கக்கூடாத மருந்துகளைப் போடும் சிவப்பு டப்பாவில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். சாமந்தி இதழை மட்டும் எடுத்து அவர் கைக்குட்டையில் திரும்ப வைத்தாள்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

வியாழக்கிழமைகள்

அண்ணன் கைக்குட்டையை மடித்தார். பையில் வைத்தார். படி இறங்கினார். பிறகு திரும்பி ஏறி வந்தார்.

"அப்ப, மேடம்" என்றார். மஞ்சுளாவை அதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்ப வியாழக்கிழமையெல்லாம்?"

எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

வியாழக்கிழமைதான் எங்கள் ரோட்டில் கூட்டம். சர்ச்சில் நவநாள் ஜெபம். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று நாள் முழுக்க ஓடும். ஜாதி மதம் பார்க்காமல் ஜனம் வரும். அண்ணன் அன்றுதான் எங்களிடம் ஊசி வாங்குவார். நாங்கள் ஜெல் ஐஸ் வைத்த சின்னப் பையில் போட்டுக் கொடுப்போம். நேரே வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜில் வைப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னார். சர்ச்சுக்குப் போவார். வாசலில் செருப்புப் பக்கத்தில் ஐஸ் பையை வைத்துவிட்டு, ஊசிப் பெட்டியை மட்டும் உள்ளே எடுத்துப் போவார். வியர்த்து நனைந்த பிளாஸ்டிக்கைச் சாமி முன்னால் வைக்கக் கூடாது என்று. குழந்தை இயேசுவின் காலடியில், பூக்களுக்கு நடுவில் பெட்டியை வைப்பார். ஜெபம், பிரசங்கம், பிறகு ஆசீர்வாதத்துக்கு வரிசை. எல்லாம் முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

"ஒரு வாரம்கூட விட்டதில்ல" என்றார். "வெறும் ஊசியா போட்டா ஏறலியேன்னுதான் அங்க கொண்டுபோக ஆரம்பிச்சேன்." பிறகு, "அப்புறமும் ஏறல" என்றார்.

கடையில் அப்போது வேறு ஆள் இல்லை.

"டாக்டர் கேட்டார் மேடம். மருந்தைச் சரியா வெக்கிறீங்களான்னு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன், ஃப்ரிட்ஜ்லதான் சார், கதவுலகூட இல்ல, நடுத் தட்டுலன்னு. அந்த சர்ச் நேரம் எனக்கு ஞாபகமே வரல. அதுவும் வெளியே வெக்கறதுதான்னு எனக்குத் தோணல."

சொன்னதும் சொல்லாததும்

மஞ்சுளா கவுன்ட்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணா, ஏனூ ஆகல்லா. ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூணு மணி நேரம் வெளியே இருந்தா அந்த ஊசி கெட்டுப்போகாது. ஒரு மாசம் வேற, ரெண்டு மணி நேரம் வேற. அக்காவுக்கு ஏறாததுக்கு வேற காரணம் எத்தனையோ இருக்கும். இரும்புச் சத்து இல்லாட்டி ஏறாது, உள்ள சீழ் இருந்தா ஏறாது. நீங்க செஞ்சது இல்ல. சத்தியமா."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் படித்த புத்தகத்தில் இருப்பது. என்னிடம் பிறகு திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றார். "ஒவ்வொரு தடவையும் பை குடுக்கறப்போ சொல்வீங்க. அண்ணா, அஞ்சு நிமிஷம் வெளியே வெச்சா தண்ணிதான், ஜாக்கிரதைன்னு."

உண்மைதான். சொல்வாள். நானும் சொல்வேன். ஊரில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் தாங்கும் என்று சொன்னால் ஜனம் இரண்டு நாள் வைக்கும். இன்சுலினை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டு ஹெப்பகோடி வரை வேலைக்குப் போய்த் திரும்பியவரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மஞ்சுளா ஐந்து நிமிஷம் என்று சொல்ல ஆரம்பித்தாள். பயம் இருந்தால்தான் மருந்து பிழைக்கும். அந்த ஐந்து நிமிஷம் எங்கள் ரோட்டில் எத்தனையோ ஊசிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

"அது சும்மா பயமுறுத்தறதுக்குண்ணா" என்றாள் மஞ்சுளா. அவள் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. உள்ளே ஓடி, புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த காகிதத்தை விரித்தாள். எட்டாக மடித்த, எறும்பு வரிசை மாதிரி எழுத்துள்ள காகிதம். "நோடி, இங்க போட்டிருக்கான் பாருங்க, வெளியே எவ்ளோ நேரம் வெக்கலாம்னு." விரலை வைத்துக் காட்டினாள்.

அண்ணன் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"நீங்க நல்லவங்க மேடம்" என்றார். "அதான் சொல்றீங்க."

அதற்கு மேல் என்ன சொன்னாலும் அது இன்னும் நல்ல மனசாகத்தான் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தை அதே எட்டு மடிப்பில் மடிக்கப் பார்த்தாள். அது மடியவில்லை.

இதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை. படத்துக்கு முன்னால் வைத்ததைக் கெட்டுப்போச்சு என்று முதலில் சொன்னாளே, அதை அவர் உடனே நம்பினார். கஷ்டமான உண்மை என்பதால் நம்பினார். பின்னால் சொன்னது ஆறுதலான உண்மை. அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார், உண்மையை விட்டுவிட்டார்.

கைராசி

மறுநாளே அண்ணன் ஷபானாவின் மருந்துச் சீட்டோடு வந்து நின்றார். "ரீட்டா சொன்னதைச் செய்யணும் இல்ல? புதுசு குடுங்க" என்றார். அன்றிலிருந்து அவர்தான் அவளுக்கு வாங்கிக் கொடுக்கிறார். வாங்குகிற நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் பையை நம்பாமல் சொந்தமாக ஒரு ஐஸ் டப்பா வாங்கினார். அதன் மூடியில் சின்னத் தெர்மாமீட்டர் ஒட்டியிருக்கும். ஆட்டோவில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். சர்ச் வாசலைத் தாண்டினால் நானே பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். அவர் வண்டி அதைத் தாண்டுவதைக் கடையிலிருந்து பார்ப்பேன், தலை நிமிராமல் அந்த டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டே போவார்.

மஞ்சுளா இப்போதெல்லாம் ஐந்து நிமிஷம் என்று சொல்வதில்லை. பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே, ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்குகிறாள். வரிசை நீள்கிறது. ஜனம் திட்டுகிறது. அவள் நிறுத்துவதில்லை.

அண்ணனிடமும் அவள் விடவில்லை. டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள், நானும் கூட வருகிறேன் என்று பல தடவை சொன்னாள். "எதுக்கு மேடம், அவரும் இதையேதான் சொல்வார். அவரும் நல்லவர்" என்று முடித்துவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, அண்ணன் கடையில் நிற்கும்போது ஷபானாவே வந்தாள். அதுவரை அவளை நான் பார்த்ததில்லை, அக்கா சொன்ன மோரும் கரும்பு ஜூஸும்தான் எனக்குத் தெரியும். பர்தாவுக்குள் இருந்து கையை நீட்டி விரல்களைக் காட்டினாள். நகமெல்லாம் லேசாகச் சிவந்திருந்தது.

"பாருங்க ஆன்ட்டி! ஏறிடுச்சு. டாக்டர் சாகிப்பே ஆச்சரியப்பட்டார். எத்தனை மாசமா ஏறவே இல்ல. அங்கிள் கொண்டாந்து குடுக்கறதுல இருந்துதான். நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், அங்கிளுக்குக் கைராசின்னு."

மஞ்சுளா அலமாரியில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வாரம் தவறாமல் போட்டால் ஏறத்தான் செய்யும், இவளுக்கு முன்பு ஒழுங்காகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னாள்கூட. "ரெகுலரா போட்டா ஏறும்ணா, அதான் விஷயம்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

அண்ணன் ஷபானாவின் நகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது, நான் பார்த்தேன். அதே முகத்தில்தான் மற்றதும் இருந்தது.

"கைராசியெல்லாம் இல்லம்மா" என்றார். "வழியில எங்கயும் நிக்கல. அவ்ளோதான்."